பல்லிற் படிந்த கறை



1901 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மலைநாட்டு மாநிலமாகிய கொலராடோவில், பிரெடரிக் மக்கே என்னும் இளைஞர் பல் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் படிப்பை முடித்துக்கொண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்குப் புதிதாக வந்தவர் அவர். நோய் காட்ட வந்தவர்களுடைய வாயைத் திறந்து பார்த்தபோது அவருக்குத் திகைப்பு உண்டாயிற்று. பலருடைய பற்களிலே பழுப்பு நிறக் கறை காணப்பட்டது. சிலருக்கு அது நன்றாகக் கருத்தும் இருந்தது. வெற்றிலை மெல்லும் நம் நாட்டிலே இதற்குக் காரணம் தேட ஒருவரும் புறப்படமாட்டார். அங்கோ வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை. தேய்த்தாலும் சுரண்டினாலும் கறை போகவில்லை. அது பல்லின் மேலே ஒட்டிய அழுக்கன்று. பல்லை மூடியுள்ள கடினமான வெண்படையாகிய மிளிரியோடு கூடவே உண்டானது.

மக்கே தாம் கற்ற நூல்களைப் புரட்டினார். இப்படி ஒரு நோய் உண்டென்று அவற்றிலே ஒரு வரியும் இல்லை. ஊரவர்களை விசாரித்தார். பன்றி இறைச்சியை அளவுக்கு மிஞ்சித் தின்பதே காரணம் என்றார் ஒருவர். கெட்ட பால் என்றார் மற்றொருவர். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் என்றார் வேறொருவர். கற்றறிந்தோர் இவற்றைக் கேட்டு நகைத்திருக்கக்கூடும். ஆயினும் மூன்றாவது மனிதர் உண்மையின் வாயில்வரை வந்துவிட்டார் என்பதைப் பின்னாற் காண்போம்.

1909 இல், அக்காலத்திற் பல் வைத்திய ஆராய்ச்சியில் முதன்மை பெற்றிருந்த சிகாகோ அறிஞர் ஜி. வி. பிளாக், மக்கேயின் அழைப்பை ஏற்று அவ்வூருக்கு வந்தார். அவ்வூரிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் 100 க்கு ஏறக்குறைய 90 பேருக்கு இக்கறை இருந்ததைக் கண்டு அவரும் வியந்தார். 1915 இல் அவர் இறக்கும் வரை இருவரும் இதனை ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட உண்மைகள் இரண்டு. பற்கள் முற்றி முளைத்தபின் அவ்வூருக்குக் குடிவந்தவர்களை இந்நோய் தீண்டவில்லை. அஃதன்றியும், கறை படிந்த பற்கள் பூச்சிப்பல் ஆவது அரிதாயிருந்தது. முதலாவது உண்மை காரணத்தைத் தேடவேண்டிய இடத்தைக் காட்டியது. இரண்டாவது யாருக்கும் விளங்கவில்லை.

1923 இல் ஐடகோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூரிலிருந்து மக்கேக்கு அழைப்பு வந்தது. ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீரூற்றொன்றிலிருந்து ஊருக்குக் குழாய் மூலம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் பின்னரே தங்கள் பிள்ளைகளின் பற்கள் கறுத்தன என்று அவ்வூர்த் தாய்மார் முறையிட்டனர். மக்கே அந்நீரைச் சோதிப்பித்தார். குற்றம் ஒன்றும் தெரியவில்லை. இவ்விடத்திலே அவர் செய்த காரியம் என் மனத்தை மிகவும் கவர்கின்றது. சோதனைச்சாலை குற்றமில்லை என்று சொல்லியும், அவர் தாய்மாரின் சொல்லையே நம்பி, அந்த ஊற்றைக் கைவிட்டு வேறோர் ஊற்றை நாடுமாறு ஊராருக்குக் கூறினார். ஊரார் கேட்டனர். சில ஆண்டுகளுக்குள், புதிதாக முளைத்த பிள்ளைகளின் பற்கள் வெண்மையாக வந்தன. காரணம் நீரிலேதான் இருந்தது என்பதில் இனி ஐயமில்லை. நீரிலே என்ன இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

அதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. அர்க்கான்சாஸ் மாநிலத்திலே, அலுமினியத் தாது வெட்டும் கம்பனியொன்றுக்குச் சொந்தமான போக்சைற்று என்னும் ஊரில் பிள்ளைகளுக்குக் கறைப்பல் இருந்தது. ஐந்து மைலுக்கு அப்பாலிருந்த பென்ரன் என்னும் ஊரில் இல்லை. அக்காலத்தில் அலுமினியப் பாத்திரங்களிற் சமைத்து உண்பது நஞ்சென்று அமெரிக்காவில் ஒரு வதந்தி உலவியது. அக்கம்பனியின் தலைமை இரசாயனராகிய சேர்ச்சில் என்பவர், கறைப்பற் செய்தியும் அந்த வதந்தியோடு சேர்ந்துவிடுமோ என்று அஞ்சி, ஊர்த் தண்ணீரை வரவழைத்தார். மக்கேயிடம் இல்லாத கருவி அவரிடம் இருந்தது. பொருளை எரித்து அதன் ஒளியைப் பிரித்து நோக்கி, மிக நுண்ணிய அளவிலுள்ள மூலகத்தையும் காட்டும் கருவி அது. அதிலே புளோரீன் தென்பட்டது. சேர்ச்சிலே முதலில் நம்பவில்லை. நீர் அசுத்தப்பட்டதென்று கருதி வேறு நீர் அனுப்பச் சொன்னார். மறுபடியும் அதுவே தெரிந்தது. ஒரு இலீற்றர் நீரில் 13.7 மில்லிகிராம் புளோரைட்டு இருந்தது. 1931 சனவரியில் அவர் மக்கேக்குக் கடிதம் எழுதினார். மக்கே கறைப்பல் உள்ள பிற ஊர்களின் நீரையும் அனுப்பிவைத்தார். அவற்றிலும் புளோரைட்டு மிகுந்திருந்தது. முப்பது ஆண்டு ஐயம் தீர்ந்தது. அந்த மூலகத்தைக் குடிநீரிலே தேட வேண்டுமென்று அதுகாறும் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேடாத பொருள் சோதனையில் எவ்வாறு வெளிப்படும்?

புளோரைட்டு ஏன் பல்லையும் எலும்பையும் நாடுகின்றது? இவை இரண்டும் கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த பளிங்குகளால் ஆனவை. புளோரைட்டு அப்பளிங்குக்குள் எளிதிற் புகுந்து அமர்ந்துவிடும். சிறிதளவு புகுந்தால் மிளிரி உறுதிப்பட்டு அமிலத்துக்கு ஈடுகொடுக்கும். பிளாக்குக்கு விளங்காத இரண்டாவது உண்மையின் விளக்கம் இதிலே உண்டு. மிகுதியானால் மிளிரி உருவாகும் தொழிலே குலையும். நிலையான பற்கள் ஈறுக்குள்ளே மறைந்திருந்து உருவாவது ஏறக்குறைய எட்டு வயது வரையிலாகும். அக்காலத்திற் குடித்த நீரின் குறிப்பு பல்லிலே ஆயுள் முழுவதும் நிற்கும்.

அமெரிக்க அரசாங்கத்தைச் சேர்ந்த டீன் என்பவர், இலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருந்தாற் பெருங்கேடில்லை என்று கண்டார். 1945 சனவரி 25 இல் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தின் குடிநீரிற் புளோரைட்டைக் கலக்கவே தொடங்கிவிட்டனர். அதைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அதற்குள் நாம் நுழைய வேண்டியதில்லை.

மனிதர் தம் பல்லைப் பார்த்து அறியுமுன் கால்நடைகளின் பல்லைப் பார்த்து அறிந்தவர்களும் உண்டு. 1783 யூன் மாதத்தில் ஐசுலாந்திலே லாக்கி என்னுமிடத்தில் நிலம் பிளந்து எட்டு மாதங்கள் தீக்குழம்பைக் கக்கியது. புல்லின்மேற் படிந்த சாம்பலும் புகையும் புளோரீனை ஏந்தி வந்தன. யோன் இசுத்தைன்கிறிம்சன் என்னும் பாதிரியார் தாம் கண்டவற்றை எழுதிவைத்தார்: ஆடுகளினதும் குதிரைகளினதும் எலும்புகளிலே முடிச்சுகளும் முண்டுகளும் புடைத்தன. தீவின் ஆடுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கும், மாடு குதிரைகளிற் பாதியும் மாண்டன. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மடிந்தனர். மொரோக்கோ நாட்டில், பொசுபேற்றுப் பாறை மிகுந்த பகுதிகளில் ஆடுகளின் பல் கெடும் நோய்க்கு ‘தார்மூசு’ என்று பெயரே இட்டிருந்தனர். சேர்ச்சில் புளோரைட்டைக் கண்ட அதே காலத்தில், வேலு என்னும் பிரஞ்சு மிருக வைத்தியரும் அந்நோய்க்குப் புளோரீனே காரணமென்று காட்டினார்.

பல்லோடு நின்றால் இதனை அழகுக் குறைவென்று விட்டுவிடலாம். நமக்கு அண்மையில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்திலே, இது வேறு வடிவத்தில் வெளிப்பட்டது. தங்கள் உழவு மாடுகள் மூட்டுகள் விறைத்து நடக்க இயலாமல் வருந்துவதை உழவர்கள் கண்டனர். பின்னர் அதே நோய் மனிதரிலும் காணப்பட்டது. 1937 இல் சோர்ட் என்பவரும் கூட்டாளிகளும் அதனை ஆராய்ந்து எழுதினர். பல ஆண்டுகள் அக்கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; கழுத்துத் திரும்பாது, முதுகு வளையாது. பல் குழந்தைப் பருவத்தோடு தன் கணக்கை முடித்துக்கொள்கின்றது. எலும்போ வாழ்நாள் முழுவதும் அழிந்தும் ஆக்கப்பட்டும் வருவதால் கணக்கு வளர்ந்துகொண்டே செல்கின்றது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. புளோரீன் கொண்ட கனியங்கள் அப்பாறைகளில் உண்டு. தென்மேற்கு ஈரவலயத்திலே ஓயாத மழை அதனைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுசெல்கின்றது. உலர்வலயத்திலே வெயில் நீரை உறிஞ்ச, புளோரைட்டு நிலத்தடி நீரிற் செறிந்து நிற்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. பி. திசநாயக்கவும் அவருடன் ஆராய்ந்தோரும் இதனைத் தேசப்படங்களாகவே வரைந்து காட்டினர். அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் கறைப்பல் உடைய பாடசாலைப் பிள்ளைகளைக் காண்பது அரிதன்று. (யாழ்ப்பாணத்து நேயர்கள் தங்கள் கிணறுகளைப் பற்றிக் கேட்கக்கூடும். அது சுண்ணாம்புப் பாறை நாடு. அதன் கதை வேறு.)

உலர்வலயத்து முன்னோர் குளத்து நீரையும் ஆழமில்லாக் கிணற்று நீரையும் குடித்தனர். குளத்திலே தேங்குவது பெரும்பாலும் மழைநீர். பாறையோடு நெடுநாள் உறவாடாதது. ஆனால் அந்நீரில் நோய்க்கிருமிகள் உண்டு. வயிற்றோட்டத்தாற் பிள்ளைகள் இறந்தனர். ஆகவே, ஐக்கிய நாடுகள் சபை குடிநீருக்கென அறிவித்த 1981 முதல் 1990 வரையான பத்தாண்டையொட்டி, ஆழமான குழாய்க் கிணறுகள் பலவிடங்களில் தோண்டப்பட்டன. கிருமியற்ற தெளிந்த நீர் வந்தது. பாறையிடுக்கில் நெடுங்காலம் கிடந்து புளோரைட்டைக் கரைத்துக்கொண்ட நீராகவும் அது சிலவிடங்களில் இருந்தது. தோண்டியவர்களைக் குறை கூறுதல் நியாயமன்று. உயிரைக் காக்கவே தோண்டினார்கள். ஆயினும் ஓக்லித் தாய்மாரின் முறைப்பாடு பதிவாகி அரை நூற்றாண்டு கழிந்திருந்தது என்பதையும் மறக்க முடியாது.

வெப்பநாட்டில் வாழ்வோர் மிகுதியாகத் தண்ணீர் குடிப்பர். குளிர்நாட்டாருக்குத் தீங்கு செய்யாத அளவு நமக்குத் தீங்காகலாம். நாம் ஓயாது பருகும் தேநீரிலும் புளோரைட்டு உண்டு. உலக சுகாதார நிறுவனம் இலீற்றருக்கு 1.5 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்க, இலங்கை 2013 இல் ஒரு மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டது.

நீரைக் காய்ச்சினாற் புளோரைட்டு போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். போகாது, நீர் வற்றுவதால் அது செறியவே செய்யும். நாகபுரியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு அதனைப் படியவைக்கும் முறையை 1970 களில் வகுத்தனர். நம் நாட்டிலே பத்மசிறி, திசநாயக்க ஆகியோர் 1995 இல் எழுதி வெளியிட்ட முறை இன்னும் எளியது. புதிதாகச் சுட்ட செங்கல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து, அவற்றின் ஊடாக நீரை மெதுவாகச் செலுத்தவேண்டும். களிமண்ணிலுள்ள அலுமினியமும் இரும்பும் புளோரைட்டைப் பற்றிக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை கற்றுண்டுகளை மாற்றவேண்டும். வீட்டிலே எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், குடிப்பதற்கும் சமைப்பதற்குமான நீரை மட்டுமேனும் இவ்வாறு வடித்தெடுத்தாற் போதும். குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.