இந்தியா இல்லாத இந்தியத் தீவுகள்

பூமிசாத்திர வகுப்பில் உலகப் படத்தை விரித்து வைக்கும்போது, நம்மிடமிருந்து பூமியின் மறுபாதியில், இரு அமெரிக்கக் கண்டங்களுக்குமிடையே வில்போல வளைந்து கிடக்கும் தீவுக் கூட்டமொன்றை மாணவர்க்குச் சுட்டிக் காட்டுகிறோம். மேற்கிந்தியத் தீவுகள் என்பது அதன் பெயர். 'இந்தியாவுக்கு மேற்கே அரபிக் கடலல்லவா இருக்கிறது?' என்று கேட்கும் மாணவன் ஒருவன் எவ்வகுப்பிலும் இருக்கவே செய்வான். கொலம்பஸ் வழி தவறினான் என்று ஒரே வாக்கியத்தில் விடை கூறி அவனை நாம் இருத்திவிடுகிறோம். ஆனால் வழி தவறிய செய்தி சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பின்பும் பெயர் மட்டும் ஏன் ஐந்நூறு ஆண்டு நிலைத்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

1492 ஒக்டோபர் 12ஆம் திகதி கொலம்பஸ் கரையேறிய தீவை அங்கு வாழ்ந்தோர் குவானஹானி என்றழைத்தனர். அவன் அதற்குச் சான் சல்வடோர் என்று பெயரிட்டான். மக்களுக்கு இந்தியர் என்று பெயரிட்டான். அன்றைய ஐரோப்பியனுக்கு இந்தியா என்பது ஒரு தேசத்தின் பெயரன்று. சிந்து நதிக்கு அப்பால் மிளகும் கறுவாவும் வரும் கீழைத்தேயம் முழுவதையும், நமது தீவையும் சேர்த்தே, 'இந்தியாக்கள்' என்று பன்மையில் வழங்கினான். ஸ்பானிய முடியரசு 1524இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களை ஆளவென அமைத்த சபைக்கும் 'இந்தியாக்களின் சபை' என்றே பெயரிட்டது. ஒல்லாந்தர் 1602இல் கிழக்கிந்தியக் கம்பனியையும் 1621இல் மேற்கிந்தியக் கம்பனியையும் நிறுவினர். கிழக்கும் மேற்கும் ஐரோப்பிய வணிகனின் கணக்கேட்டில் இரண்டு தலைப்புக்களாயின. அவற்றுள் முதலாவது கம்பனியே 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது என்பதை நினைவிற் கொண்டால், இப்பெயர் நமக்கும் அத்துணை அந்நியமானதன்று என்பது விளங்கும்.

இக்கடலுக்கு வழங்கும் மற்றப் பெயரும் குற்றமற்றதன்று. கரிபியன் என்பது அங்கு வாழ்ந்த கரிபர் என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்தது. அதே பெயர் ஸ்பானியர் வாயில் திரிந்துதான் நரமாமிசம் உண்போரைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லும் பிறந்தது. 1503இல் அரசி இசபெல்லா, நரமாமிசம் உண்போரை அடிமைகளாக்கலாம் என்று அனுமதி வழங்கினாள். பிறகென்ன? எதிர்த்து நின்ற கூட்டத்தாரைக் கரிபர் என்று எழுதிவிட்டால் போதுமானதாயிற்று. ஒரு பெயர் மனிதனைச் சந்தைக்கு அனுப்பும் பத்திரமாகவும் பயன்படக் கூடும்.

வாளாலும், தோட்ட வேலையாலும், ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களாலும் பூர்வீக மக்கள் அழிந்த நிலத்திற் கரும்பு நடப்பட்டது. அதை வெட்டவென ஆபிரிக்காவிலிருந்து 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் 'மேற்கிந்தியன்' என்ற சொல் இவர்களைக் குறிக்கவில்லை. சீனியாற் செல்வம் குவித்து, பாராளுமன்றத்தில் ஆசனமும் பெற்ற தோட்ட முதலாளியையே அது குறித்தது. 1771இல் இலண்டனில் அரங்கேறிய 'மேற்கிந்தியன்' என்னும் நாடகத்தின் நாயகன் அத்தகைய செல்வனே. பிரித்தானியா 1834இல் அடிமைமுறையை நீக்கியபோது இம்முதலாளிகளுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கிற்று. அடிமையாயிருந்தவனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. சீனிக்கும் அடிமை வியாபாரத்துக்கும் பிரித்தானிய முதலாளித்துவத்தின் வளர்ச்சிக்குமுள்ள உறவை, திரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட 'முதலாளித்துவமும் அடிமைமுறையும்' என்ற நூலில் விரித்துக் காட்டினார்.

அடிமை விடுதலைக்குப் பின் நிகழ்ந்ததே இப்பெயரின் கதையில் மிக விசித்திரமான பகுதி. 1838இல் பிரித்தானிய கயானாவுக்கும் 1845இல் திரினிடாட்டுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். 1917இல் இது நிறுத்தப்படும்வரை கயானாவுக்கு ஏறக்குறைய 2,39,000 பேரும் திரினிடாட்டுக்கு 1,44,000 பேரும் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து சென்றனர். சென்னையிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் ஒரு பகுதியினர். பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் சென்றனர். மொழியை இழந்தும் மாரியம்மனை இழக்காத அவர்தம் சந்ததியார் இன்றும் அங்கு வாழ்கின்றனர். மெய்யான இந்தியர் இவ்வாறு வந்து சேர்ந்தபோது 'இந்தியர்' என்ற பெயர் ஏற்கனவே செலவாகியிருந்தது. ஆகவே ஆங்கில நிருவாகம் அவர்களைக் 'கிழக்கிந்தியர்' என்று பதிந்தது. மேற்கிந்தியாவிற் பிறந்து அங்கேயே மடிந்த பேரனும் பூட்டனும் கிழக்கிந்தியர்! நகைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. நூறாண்டுக்கு மேலாக நம் மலைகளிற் கொழுந்து பறித்தவரின் மக்களை நமது குடிசன மதிப்பீடும் 'இந்தியத் தமிழர்' என்றே எழுதி வந்திருக்கிறது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

இப்பெயரை முற்றாகத் துடைத்தெறிந்தவர் ஹெயிட்டியின் அடிமைகள். பிரெஞ்சுப் படையை முறியடித்து 1804 ஜனவரி முதலாந் திகதி விடுதலையை அறிவித்தபோது, அழிந்துபோன பூர்வீக மக்கள் தம் மலைநாட்டுக்கு இட்டிருந்த பெயரையே அவர்கள் மீட்டெடுத்தனர்.

ஆங்கிலத் தீவுகளின் மக்களோ முதலாளியிடமிருந்து பெயரையே பறித்துக்கொண்டனர். 1958இல் பத்துப் பிரதேசங்கள் மேற்கிந்தியச் சமஷ்டியாக இணைந்தன. ஜமெய்க்கா பிரிந்து செல்ல, 1962இல் அது கலைந்தது. ஒவ்வொரு முதலாளி வர்க்கமும் தன் தீவைத் தனக்கென வைத்துக்கொள்ள விரும்பியதும் இதற்கொரு காரணம் என்பது நம் கருத்து. 1973இல் மீண்டும் கூடிய அரசுகள் கரிபியன் சமுதாயம் என்ற பெயரையே தெரிந்தன. மேற்கிந்தியர் என்ற பெயர் பல்கலைக்கழகத்திலும் கிரிக்கெட்டிலுந்தான் தங்கிற்று. அக்குழுவில் கியூபாவுக்கும் ஹெயிட்டிக்கும் இடமில்லை. தீவே அல்லாத கயானாவுக்கு இடமுண்டு. அதன் தலைமையும் நெடுங்காலம் வெள்ளையர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தது. சி. எல். ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் நடத்திய போராட்டத்தின் பின்னரே, 1960ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியப் பயணத்துக்கு பிராங் வொரல் தலைவராக்கப்பட்டார்; ஒரு தொடர் முழுவதற்கும் அப்பதவி பெற்ற முதற் கறுப்பர் அவரே. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1973இல், ரோஹன் கன்ஹாய் அக்குழுவை நடத்திச் சென்றார். அவர் கண்டத்து நிலத்திலே, கயானாவின் கரும்புத் தோட்டமொன்றில், கிழக்கிந்தியர் என்று எழுதப்பட்ட குடும்பத்திற் பிறந்தவர்.