பாதாளத்துக்கு நாலு டிக்கெட்!

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு என் அண்ணன் மகனிடமிருந்து போன்.

"சித்தப்பா, தூங்கிட்டீங்களா? ரோமுக்கு ஃப்ளைட் போட்டாச்சு. இப்போ கொலோசியம் டிக்கெட் எடுக்க உட்கார்ந்திருக்கேன். தலை சுத்துது! சாதா டிக்கெட்னு ஒண்ணு, அரங்கத் தரை வரைக்கும் விடறதுன்னு ஒண்ணு, உச்சி மாடின்னு ஒண்ணு, பாதாளம்னு ஒண்ணு. எதைத்தான் எடுக்கறது?"

'எதையாவது எடுப்பா' என்று சொல்லிவிட்டு நான் படுத்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. 1,900 வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த ரோமானியனுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. எங்கே உட்காருவது என்பதை அவன் முடிவு செய்ய முடியாது. அவன் யார் என்பதே அதை முடிவு செய்துவிடும்!

கி.பி. 80. மன்னர் டைட்டஸ் கொலோசியத்தைத் திறந்துவைக்கிறார். தொடர்ந்து நூறு நாள் கொண்டாட்டம். அனுமதி இலவசம். கட்டடத்தைச் சுற்றிலும் தரைமட்டத்தில் 80 வளைவுகள். அவற்றில் 76-க்கு நம்பர் போட்டிருந்தார்கள். மிச்சம் நாலு பெரிய வாசல்கள் மன்னருக்கும் முக்கியஸ்தர்களுக்கும் அரங்கில் இறங்குகிறவர்களுக்கும். நம்பரைப் பார்த்துச் சரியான வளைவுக்குள் நுழைந்தால் போதும். படிக்கட்டு தானாக உங்களை உங்கள் அந்தஸ்துக்கு உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வழியில் தப்பித்தவறிக்கூட ஒரு செனட்டரும் ஒரு செருப்புத் தைப்பவரும் தோளோடு தோள் உரசிக்கொள்ள வாய்ப்பில்லை. அந்த நம்பர்களில் 23 முதல் 54 வரை இன்றைக்கும் கல்லில் பளிச்சென்று தெரிகின்றன. கியூவில் நிற்கும்போது அண்ணாந்து பாருங்கள்.

நம்ம ஊர் பழைய சினிமா கொட்டகையில் தரை டிக்கெட் முன்னால், பால்கனி பின்னால். கொலோசியத்தில் அப்படியே உல்டா! அரங்கை ஒட்டின முதல் வரிசைகள் செனட்டர்களுக்கு. ரத்த வாடை மூக்கில் ஏறும் தூரம். அதற்கு மேலே 'குதிரை வீரர்கள்' என்ற பட்டம் கொண்ட பணக்காரர்கள். அதற்கும் மேலே சாதாரணக் குடிமக்கள். இன்னும் மேலே ஏழைகள். இந்த ஏற்பாட்டுக்கு அகஸ்டஸ் மன்னர் காலத்திலேயே சட்டம் போட்டாயிற்று. சிப்பாய்களுக்குத் தனி இடம், கல்யாணம் ஆன ஆண்களுக்குத் தனி இடம், பையன்களுக்கு ஒரு பகுதி, பக்கத்திலேயே அவர்களுடைய வாத்தியார்களுக்கு ஒரு பகுதி. பாவம், விளையாட்டு பார்க்கப் போன இடத்திலும் வாத்தியார்!

"சித்தப்பா, உங்க மருமக உச்சி மாடிதான் வேணும்கறா. போட்டோ நல்லா வருமாம்."

"கேட்டதுதான் கேட்டாள், சரியான இடத்தைத்தான் கேட்டிருக்கிறாள்" என்றேன். பெண்கள் உட்கார வேண்டிய இடமே அதுதான்! மன்னர் குடும்பத்தையும், வெஸ்டா தெய்வத்தின் கன்னிப் பூசாரிகளையும் தவிர மற்ற பெண்கள் எல்லோரும் உச்சியில், மரப் பலகைகளில். கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர் உயரக் கட்டடம். அங்கிருந்து பார்த்தால் கீழே சண்டை போடுகிறவன் ஆள்காட்டி விரல் அளவுக்குத் தெரிந்திருப்பான். அதே உச்சிப் பகுதி பல காலம் பூட்டிக் கிடந்து, 2017-ல்தான் மறுபடி மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்றைக்குச் சாதா டிக்கெட் 18 யூரோ, உச்சி மாடி 24 யூரோ. ஏழைகளின் சீட்டுக்கு இப்போது விலை அதிகம்!

செனட்டர்களோ சாமர்த்தியசாலிகள். தங்கள் வரிசைக் கல்லில் பெயரையே வெட்டி வைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில், சாம்ராஜ்யம் சரிந்துபோன பிறகும், ரோமாபுரியின் பெரிய மனிதர்கள் சீட்டில் பெயர் பொறிப்பதை விடவில்லை. ஒருத்தர் போனால் அவர் பெயரைச் சுரண்டிவிட்டு அடுத்தவர் பெயர். அந்தக் கற்கள் இன்னமும் இருக்கின்றன. இந்தப் பெயர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

முதலில் இன்னொரு கேள்வி. இத்தனை பெரிய கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை வேண்டுமென்றால் கொலோசியத்துக்கு நேராகப் போகக் கூடாது. அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ரோமன் ஃபோரம், பாலடைன் குன்று இரண்டும் அடக்கம். கொலோசியத்துக்கு மட்டும்தான் 'இத்தனை மணிக்கு' என்று நேரம் குறிப்பார்கள். என் யோசனை: காலையில் முதல் ஆளாக ஃபோரத்துக்குள் போய்விடுங்கள். நிழலே இல்லாத இடம். ஜூலை வெயிலில் மத்தியானம் போனால் வரலாறு மறந்து தண்ணீர்தான் ஞாபகம் வரும். கொலோசியத்தைப் பத்து, பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபோரத்தின் ஒரு கோடியில் டைட்டஸ் வளைவு நிற்கிறது. அதன் உட்பக்கச் சுவரைப் பாருங்கள். ரோமானிய வீரர்கள் ஏழு கிளை கொண்ட ஒரு பெரிய விளக்கைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகிறார்கள். ஜெருசலேம் ஆலயத்தின் விளக்கு அது. கி.பி. 70-ல் இதே டைட்டஸ், இளவரசராக இருந்தபோது, ஜெருசலேமை முற்றுகையிட்டு ஆலயத்தைக் கொளுத்தி, கொள்ளையடித்துக் கொண்டுவந்தது. அந்தக் கொள்ளைப் பணத்தில்தான் டைட்டஸின் அப்பா வெஸ்பாசியன் கொலோசியத்தை எழுப்பத் தொடங்கினார். இது வெறும் ஊகமாகத்தான் இருந்தது. கொலோசியத்தில் கிடந்த ஒரு கல்வெட்டில், பழைய வெண்கல எழுத்துகளைப் பதித்த ஓட்டைகள் மட்டும் மிச்சம் இருந்தன. கேஸா ஆல்ஃபல்டி என்ற அறிஞர் அந்த ஓட்டைகளை வைத்தே எழுத்துகளைக் கூட்டி, 'போர்க் கொள்ளையிலிருந்து கட்டப்பட்டது' என்று 1995-ல் படித்துக் காட்டினார். வெறும் ஓட்டைகளை வைத்து! மனுஷனுக்கு என்ன பொறுமை.

இடத் தேர்விலும் வெஸ்பாசியனின் அரசியல் இருந்தது. கி.பி. 64 தீ விபத்துக்குப் பிறகு நீரோ மன்னர் ஊர் நடுவே நிலத்தை வளைத்துத் தங்க மாளிகை கட்டி, அதில் ஒரு ஏரியும் வெட்டிக்கொண்டார். அந்த ஏரியை மூடித்தான் கொலோசியம். 'ஒருத்தன் பிடுங்கியதை உங்களுக்கே திருப்பித் தருகிறேன்' என்பது ஜனங்களுக்குச் சேதி. ஜனங்களும் மயங்கினார்கள்.

ஃபோரத்தில் இருக்கும்போதே, மூன்று பிரம்மாண்டமான வளைவுகளோடு நிற்கும் மக்ஸென்டியஸ் மண்டபத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதற்கு அடியில் இருந்தது மிளகுக் கிடங்கு. டைட்டஸின் தம்பி டொமிஷியன் கட்டியது. சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் யவனர் கப்பலேறிய மிளகு வந்து குவிந்த இடங்களில் ஒன்று!

அதே டொமிஷியன்தான் கொலோசியத்துக்கு அடியில் பாதாளத்தையும் தோண்டியவர்.

'அரீனா' என்ற சொல்லுக்கு லத்தீனில் மணல் என்று அர்த்தம். மரப்பலகைத் தளத்தின் மேல் மணலைக் கொட்டி வைத்திருப்பார்கள், ரத்தத்தை உறிஞ்ச. அந்தத் தளத்துக்குக் கீழே இரண்டு அடுக்கில் சுரங்க வழிகள், கூண்டுகள், கிணறு மாதிரி மேலே ஏறும் குழிகள். கூண்டில் சிங்கமோ கரடியோ இருக்கும். அடிமைகள் செக்குச் சுற்றுவதுபோல ஒரு மரச் சக்கரத்தைச் சுற்றினால், கயிறு இழுபட்டுக் கூண்டு மேலே போகும். பலகைக் கதவு திறக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் ஐம்பதாயிரம் பேருக்கு மணலிலிருந்து திடீரென்று மிருகம் முளைத்தது மாதிரி இருக்கும். கைதட்டல் கீழேயும் கேட்டிருக்கும். சக்கரம் சுற்றுகிறவன் எதையும் பார்த்திருக்க மாட்டான். விளக்குப் புகை, மிருகங்களின் சாணம், வியர்வை, இருட்டு... இதுதான் அவன் கண்ட கொலோசியம். 2015-ல் அந்த லிஃப்ட் ஒன்றை அதே மாதிரி மரத்தில் செய்து அங்கே பொருத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

கீழே காத்திருந்தது மிருகங்கள் மட்டுமா? காலையில் மிருக வேட்டை, மத்தியானம் மரண தண்டனைகள், சாயங்காலம் கிளாடியேட்டர் சண்டை. இதுதான் வழக்கமான நிகழ்ச்சி நிரல். நடுவில் வந்த மரண தண்டனையை நாடகமாகவே நடத்தினார்கள். ஆர்ஃபியஸ் என்று ஒரு புராணப் பாடகன். அவன் பாட்டுக்கு மிருகங்களும் மயங்கும் என்பது கதை. ஒரு கைதிக்கு ஆர்ஃபியஸ் வேஷம் போட்டு, மரம், பாறை எல்லாம் அமைத்து, நடுவில் நிறுத்தினார்கள். கரடியை விட்டார்கள். கரடிக்குக் கதை தெரியாது. இதைக் கவிஞர் மார்ஷியல் பதிவு செய்திருக்கிறார், நல்ல வேடிக்கை என்கிற தொனியில். அந்தக் கைதியின் பெயரை அவர் எழுதவில்லை.

அதற்காக ஒவ்வொரு சண்டையும் சாவில் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கிளாடியேட்டரைப் பழக்கிச் சோறு போட முதலாளிக்கு ஏகப்பட்ட செலவு. சும்மா சாகவிடுவானா? திறப்பு விழாவில் வேரஸ், ப்ரிஸ்கஸ் என்ற இருவர் சளைக்காமல் மோதினார்கள். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். டைட்டஸ் இருவருக்கும் மரக் கத்தி கொடுத்தனுப்பினார். மரக் கத்தி என்றால் விடுதலை! ஒரு கிளாடியேட்டர் சண்டையைப் பற்றி நமக்கு விலாவாரியாகக் கிடைத்திருக்கும் ஒரே வர்ணனை இதுதான். இதுவும் மார்ஷியல் புண்ணியம்.

சினிமாவில் வீரர்கள் கை உயர்த்தி, 'சாகப்போகிறவர்களின் வணக்கம்' என்பார்களே, அது கொலோசியத்து வசனம் இல்லை. கிளாடியஸ் மன்னர் காலத்தில், ஓர் ஏரியில் நடத்திய போலிக் கடற்போரில் கைதிகள் சொன்னதாக ஒரே ஒரு தடவை பதிவாகியிருக்கிறது. அப்போது கொலோசியமே இல்லை!

பாதாளத்தை 1930-களில், முசோலினி ஆட்சியில்தான் முழுசாகத் தோண்டி எடுத்தார்கள். செப்பனிட்டு, நடைபாதை போட்டு, மக்கள் நடமாடும்படி முழுவதுமாகத் திறந்தது 2021-ல். இன்றைக்கு மிகச் சீக்கிரம் தீர்ந்துபோகும் டிக்கெட் அதுதான். எவனும் விரும்பிப் போகாத இடத்துக்கு இப்போது அடிதடி.

"அப்ப பாதாளம்தாங்கறீங்க?"

"பாதாளம்தான். மேலே எங்கே நின்றாலும் நீ வேடிக்கை பார்க்க வந்தவன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்த இடம் என்ன வேலைக்குக் கட்டப்பட்டது என்று தெரியும்."

ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டுமே! தொல்லியல் பூங்காவின் சொந்த வலைத்தளத்தில் சுமார் ஒரு மாதம் முன்னால்தான் விற்பனை திறக்கும். தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இல்லையென்றால் இடைத்தரகர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். நம்ம ஊர் தியேட்டர் வாசலில் முதல் நாள் பிளாக்கில் விற்பார்களே, அதே கதை, கம்ப்யூட்டரில். டிக்கெட்டுகளை மொத்தமாக வளைத்து, கைடு, அது இதுவென்று ஒட்டுப்போட்டுக் கூடுதல் விலைக்கு விற்ற விவகாரத்தில், 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டி ஆணையம் சில நிறுவனங்களுக்குச் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் தீட்டியது. 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும் நின்றே ஆக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் காசு இல்லை, ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் போட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று ஆசைப்பட்டால் ரோமாபுரியே அங்கே நிற்கும்.

டைட்டஸ் காலத்து இலவசமும் கிட்டத்தட்ட அப்படித்தான். கூட்டத்தின் மேல் சின்னச் சின்ன மர உருண்டைகளை வீசுவாராம். உருண்டையில் சாப்பாடு, துணி, வெள்ளிப் பாத்திரம், குதிரை என்று ஏதாவது எழுதியிருக்கும். பிடித்தவர் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சிலவற்றில் 'அடிமை' என்றும் எழுதியிருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போன்.

"கிடைச்சிடுச்சு சித்தப்பா! பாதாளத்துக்கு நாலு. ஆனா ஒரு சிக்கல். 2023 அக்டோபர்ல இருந்து ஒவ்வொரு டிக்கெட்லயும் பேர் போடணுமாம். பாஸ்போர்ட்டை வச்சு சரிபார்ப்பாங்களாம். எனக்கு பாஸ்போர்ட்ல அப்பா பேர் முன்னாடி வருது, இவளுக்குப் பின்னாடி வருது, சின்னவனுக்கு இனிஷியல் மட்டும்தான்..."

"பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்து பிசகாமல் போடு. அப்புறம், சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது கொலோசியத்தின் கிழக்குப் பக்கத் தெருவில் இறங்கி நட. ரோட்டை விடத் தாழ்வாக ஒரு பள்ளம் தெரியும். அதில் பாதி வட்டமாக ஒரு சின்ன அரங்கம், வரிசையாகக் குட்டிக் குட்டி அறைகள். லூடஸ் மேக்னஸ். கிளாடியேட்டர்கள் தங்கிப் பயிற்சி எடுத்த இடம். அங்கிருந்து கொலோசியத்துக்கு நேராகச் சுரங்க வழி இருந்தது."

"அதுக்கு எவ்வளவு டிக்கெட்?"

"டிக்கெட்டே கிடையாது. நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம்."