தொடுகையே சான்றாகும்போது: மண்டையோட்டு ஆஸ்டியோபதி கற்பிக்கப்பட்ட வரலாறு

மண்டையோட்டின் எலும்புகளைக் கையால் மென்மையாக இயக்கி நோய் தீர்க்க முயலும் முறை, அமெரிக்க ஆஸ்டியோபதி மரபில் தோன்றியதாகும். அதன் கொள்கை சரியா தவறா என்னும் விவாதம் நீண்டது. அக்கொள்கை விரல்களின் வழியே எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் நகரில் நிறுவிய பள்ளியில் பயின்று, 1900இல் பட்டம் பெற்றவர் வில்லியம் கார்னர் சதர்லாந்து. மாணவராயிருந்தபோது, தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட மண்டையோடு ஒன்றைக் கண்டார். பொட்டெலும்பின் சரிந்த விளிம்பு அவருக்கு மீனின் செவுளை நினைவூட்டியது. இவ்வெலும்புகளும் ஒருவகைச் சுவாச அசைவுக்கெனவே அமைந்தவையோ என எண்ணினார். வளர்ந்தோரின் மண்டையோட்டுப் பொருத்துகள் அசையாதவை என்பதே அன்றைய உடற்கூற்றியல் பாடம். தம் எண்ணத்தைப் பொய்ப்பிக்கவே முதலில் முயன்றதாக அவர் பின்னர்க் கூறினார். வார்களாலும் தலைக்கவசங்களாலும் தம் தலையையே அழுத்திச் சோதித்தார். அக்காலத்தில் அவரிடம் தோன்றிய மாற்றங்களை அவர்தம் துணைவியார் ஏடா 1962இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒருவரே என்பது இங்குக் கருதத்தக்கது.

1939இல் சதர்லாந்தின் நூல் வெளிவந்தது. ஹரோல்டு மகூன் இக்கொள்கையை 1951இல் பாடநூலாக்கினார். 1953இல் சதர்லாந்தின் பெயரால் கற்பித்தலுக்கென ஓர் அறக்கட்டளை உருவாயிற்று. எனினும் நூலைவிடக் கையே முதன்மைப் பாடமாக விளங்கியது. மாணவர் மற்றொரு மாணவரின் தலையைத் தாங்கி, மூளைத்தண்டுவடப் பாய்மத்தின் ஏற்றவிறக்கமெனக் கூறப்படும் நுண்ணசைவை உணர முயல்வார். ஆசிரியர் தம் கையையும் வைத்து அதனை உறுதிசெய்வார். 1970களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் அப்லெட்ஜர், ஏறத்தாழ 5 கிராம் அழுத்தமே போதுமென்றார். மருத்துவரல்லாதோருக்கும் இதனைக் கற்பித்தார்.

இப்பயிற்சியில் ஒரு சிக்கல் உண்டு. அசைவை உணராத மாணவரின் விரல் இன்னும் பழகவில்லை எனக் கொள்ளப்பட்டது. உணரத்தக்கது எதுவுமில்லை என்று கூற அவருக்கு இடமில்லை. இதய ஒலி கேட்கக் கற்பவரும் ஆசிரியரையே நம்புகிறார் எனலாம். உண்மைதான். ஆனால் லேனெக் தாம் கேட்ட ஒலிகளைப் பிணக்கூறாய்வில் கண்டவற்றோடு ஒப்பிட்டார். செவிக்குப் புறத்தே ஒரு சான்று இருந்தது. மண்டையோட்டுப் பயிற்சியிலோ ஒரு கைக்கு மற்றொரு கையே சான்று.

அக்கைகளேனும் ஒத்துப்போயினவா என்னும் கேள்வி காலந்தாழ்ந்தே எழுந்தது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், இம்முறையில் தேர்ந்த மூன்று இயன்முறை மருத்துவர்கள் 12 பேரைத் தனித்தனியே தொட்டு, அசைவின் வேகத்தைக் கணித்தனர். அவர்தம் கணிப்புகளுக்கிடையிலான உடன்பாட்டுக் கெழு −0.02, அதாவது உடன்பாடே இல்லை. 2002இல் ஹார்ட்மன், நார்ட்டன் ஆகியோர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, மண்டையோட்டு ஆஸ்டியோபதியைப் பாடத்திட்டத்திலிருந்தும் உரிமத் தேர்விலிருந்தும் நீக்குமாறு பரிந்துரைத்தனர். அவ்விருவரும் ஓர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர்களே.