கடற்பஞ்சுத் தீவுகள்: சிமியும் காலிம்னோசும்

கிரேக்கம் என்றாலே ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, அலெக்சாண்டர் என்று பழங்காலத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கப்புறம் அங்கே சாதாரண சனங்க எப்படிப் பிழைச்சாங்க? இந்தக் கேள்விக்கு இரண்டு சின்னத் தீவுகளின் கதை நல்ல பதிலாக இருக்கும்.

ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக் கரையை ஒட்டி இருப்பது டோடெக்கனீஸ் தீவுக்கூட்டம். கிரேக்க மொழியில் 'பன்னிரண்டு தீவுகள்' என்று பொருள். உண்மையில் தீவுகள் அதைவிட அதிகம். இவற்றில் பெரியது ரோட்ஸ். 1309 முதல் 1522 வரை புனித யோவான் வீரத்துறவிகள் அதை ஆண்டார்கள். பிறகு ஒட்டோமான் பேரரசு, 1912-இல் இத்தாலி, 1943-இல் ஜெர்மானியப் படை எனக் கை மாறி, 1947-ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தின் வழி தீவுகள் கிரேக்கத்துக்கு வந்தன. முறையான இணைப்பு 1948 மார்ச்சில் நடந்தது.

ரோட்சிலும் கோசிலும் விளைநிலம் உண்டு. சிமியும் காலிம்னோசும் அப்படியல்ல. பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறைதான். நிலம் சோறு போடாததால் மக்கள் கடலுக்குள் இறங்கினார்கள். அவர்கள் தேடியது கடற்பஞ்சு. மாணவர்களிடம் "இது செடியா, விலங்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் செடி என்பார்கள். அது கடலடிப் பாறையில் ஒட்டி வாழும் விலங்கு. அதன் மென்மையான கூட்டைத்தான் குளிக்கவும் துடைக்கவும் பயன்படுத்தினார்கள்.

பழைய முறை எளிமையானது. தட்டையான கனத்த கல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்க வேண்டும். மூச்சு இருக்கும் வரைதான் வேலை. ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் அடியில் இருக்கலாம் என்பதை மனித உடம்பே முடிவு செய்தது.

1860-களில் செம்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட முக்குளிப்பு உடை வந்து சேர்ந்தது. மேலே படகிலிருந்து காற்றை அடிப்பார்கள். இன்னும் ஆழத்தில், இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யலாம். பணம் கொட்டியது. சிமியின் மக்கள்தொகை 20,000-ஐத் தாண்டியது. இன்று சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கும் துறைமுகத்து வண்ண வண்ண மாடிவீடுகளில் பல, அந்தக் காலத்துப் பணத்தில் எழுந்தவைதான்.

ஆனா, அந்த உடைக்கு இன்னொரு விலையும் இருந்தது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழாகிறது. சோடா புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குதே, அதே மாதிரிதான். குமிழ் முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் விளங்காமல் போகும், உயிரும் போகலாம். 1886-க்கும் 1910-க்கும் இடையில் ஏஜியன் கடற்பஞ்சுத் தொழிலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள், 20,000 பேர் முடமானார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

1900-இல் சிமியைச் சேர்ந்த முக்குளிப்பவர்கள் ஆன்டிகிதிரா தீவருகே மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வெண்கலச் சிலைகளோடு, வானியல் கணிப்புக்கான பல்சக்கரப் பொறி ஒன்றும் அங்கிருந்து கிடைத்தது. உலகமே வியக்கும் அந்தப் பொறி இன்று ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கப்பலின் பொருள்களை மேலே கொண்டுவரும் பணியில் ஒருவர் இறந்தார், இருவர் முடமானார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நைட்ரஜன் குமிழ்தான் காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878-இலேயே விளக்கிவிட்டார். படிப்படியாக நின்று மேலே வருவதற்கான அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். அப்புறமும் ஏன் ஆட்கள் செத்தாங்க? விடை பணத்தில் இருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு படகுகள் கிளம்பும், இலையுதிர்காலத்தில்தான் திரும்பும். புறப்படும் முன்னரே முக்குளிப்பவருக்கு முன்பணம் கொடுப்பார்கள். அது குடும்பத்திடம் போய்விடும். அந்தக் கடன் அடையும் அளவுக்குப் பஞ்சு எடுத்தாக வேண்டும். மெதுவாக மேலே வந்தால் ஒரு நாளில் இறங்கும் தடவை குறையும். அறிவு வந்துவிட்டது, ஆனால் நேரம் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

தொழில் சுருங்கியபோது பலர் ஊரை விட்டே போனார்கள். 1905 முதல் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள டார்பன் ஸ்பிரிங்சில் டோடெக்கனீஸ் முக்குளிப்பவர்கள் குடியேறினார்கள். பின்னர் செயற்கைப் பஞ்சு சந்தையைப் பிடித்தது. 1986-இல் பரவிய கடற்பஞ்சு நோய் மிச்சத்தையும் முடக்கியது. சிமியில் இன்று வாழ்வோர் சுமார் 2,500 பேர்தான்.

இப்போது சோறு போடுவது சுற்றுலா. ரோட்சிலிருந்து காலையில் படகில் வந்து மாலையில் திரும்புகிறவர்களை நம்பிச் சிமியின் கடைகள் இருக்கின்றன. காலிம்னோசில் நடந்தது இன்னும் சுவையானது. எதுவும் விளையாத அதே பாறைச் சரிவுகளில் 1990-களின் பிற்பகுதியில் பாறையேறும் வீரர்கள் வந்து தடங்கள் அமைத்தார்கள். இன்று உலகெங்குமிருந்து பாறையேற அங்கே வருகிறார்கள். இருந்தாலும் சில மாத வருமானத்தில் ஆண்டு முழுக்க ஓட்டும் பழைய வாழ்க்கைமுறை முழுசா மாறவில்லை.

காலிம்னோசில் 'மிகானிகோஸ்' என்றொரு நடனம் உண்டு. வரிசையில் முன்னால் ஆடுபவர் ஒரு கோலை ஊன்றி, கால் நடுங்க, தடுமாறி ஆடுவார். முடமான முக்குளிப்பவர்தான் அவர். வகுப்பில் இந்தத் தீவுகளின் அழகிய படங்களைக் காட்டும்போது இந்த நடனத்தின் காணொளியையும் காட்டுங்கள். "இவர் ஏன் இப்படி ஆடுகிறார்?" என்று கேளுங்கள். பாடம் அங்கிருந்து தானாகவே தொடங்கும்.