எழுதிய கிரயமும் இசைந்த கிரயமும்

கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர்த் தாலுகா, ஆலங்குடி, திருமயம் ஆகியவற்றோடு புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்றாயிருந்து, 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் சென்னை மாகாணத்தோடு கலந்தது. ஆகவே, முகம்மதிய விக்கிரயச் சட்டத்தின் ஒரு முக்கியமான கிளையை 1870-இல் சென்னை உயர்நீதிமன்றம் வெட்டி வீழ்த்தியபோது, அத்தீர்ப்புக்கு இங்கே கட்டளையின் பலம் இருக்கவில்லை.

வெட்டுண்ட கிளை ஷுஃபா என்பது. ஒருவன் தன் வீட்டையோ நிலத்தையோ அந்நியனுக்கு விற்றால், அதே கிரயத்தைக் கொடுத்து அந்த அந்நியனுடைய ஸ்தானத்தில் தான் நின்றுகொள்ளப் பங்காளிக்கும், பாதை, நீர் முதலிய அனுபோகங்களில் பாத்தியப்பட்டவனுக்கும், அண்டை வீட்டானுக்கும் ஹனபி மத்ஹப் என்னும் சட்ட மரபு உரிமை அளித்தது. ஷாபி மத்ஹபோ பங்காளியோடு நிறுத்திக்கொண்டது. உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபிகளாகவும், கடற்கரை மரைக்காயர்கள் ஷாபிகளாகவும் இருப்பதால், தமிழ்நாட்டில் இந்தப் பேதம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று.

அந்த ‘அதே கிரயம்’ எது என்பதில்தான் சாஸ்திரகாரர்களின் நுண்மதி முழுதும் செலவாயிற்று. 1197-இல் காலமான மர்கீனானியின் ஹிதாயா (1791-இல் ஹாமில்டன் ஆங்கிலத்தில் பெயர்த்த பிறகு கம்பெனி நீதிமன்றங்களின் கைநூலானது) கூறுவதாவது: கிரயத்தைப் பற்றி வாங்கியவனுக்கும் ஷுஃபா கோருவோனுக்கும் வழக்கு நேர்ந்தால், சத்தியப் பிரமாணத்தின்மேல் வாங்கியவனுடைய சொல்லே செல்லும், இருவரும் சாட்சிகளைக் கொண்டுவந்தால், ஹனபி மத்ஹபின் மூலவரான அபூஹனீபாவும் அவருடைய மாணவர் முகம்மதுவும் கோருவோனுடைய சாட்சியத்தையும், மற்றொரு மாணவரான அபூயூசுப் வாங்கியவனுடைய சாட்சியத்தையும் மேலாகக் கொள்வர், விற்றவன் கிரயத்தில் ஒரு பகுதியைத் தள்ளிக்கொடுத்தால் அந்த லாபம் கோருவோனையும் சேரும், பிற்பாடு கூட்டினாலோ அவனை அது பற்றாது.

இவ்வளவு காவல் இருந்தும் தந்திரம் உள்ளே நுழைந்தது. வீட்டின் மதிப்பைப் போலப் பல மடங்கு தொகைக்குக் கிரயம் பேசி, பிறகு அத்தொகைக்கு ஈடாக ஒரு துணியை மட்டும் வாங்கிக்கொண்டால், அண்டை வீட்டான் கொடுக்க வேண்டியது துணியின் விலையன்று, வாயால் பேசிய பெருந்தொகையே. அபூயூசுப் இதில் தோஷமில்லை என்றார், முகம்மது வெறுத்தார். முகம்மதுவின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

விலை குறைந்தது என்பதற்காக மட்டும் விக்கிரயத்தை ரத்து செய்வதற்கோ ஹனபிகள் இசைந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் உதுமானிய அரசு தொகுத்த மஜல்லா, ஸ்தாவர சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைப் பெருநஷ்டம் என வரையறுத்த பின்னரும், வஞ்சனை கலவாதவிடத்து அநாதைகளின் சொத்து, வக்பு, பொதுக் கருவூலம் ஆகியவற்றுக்கு மட்டுமே பரிகாரம் தந்தது.

சென்னை நீதிபதிகள் இந்த நுட்பங்களில் இறங்கவேயில்லை. 1870-இன் அத்தீர்ப்பு வந்த இப்ராஹிம் சாயபு வழக்கில், தன் சொத்தை விரும்பியவனுக்கு விற்கும் சுதந்திரத்தைத் தடுப்பதால் ஷுஃபா நீதிக்கும் நல்ல மனச்சாட்சிக்கும் ஒவ்வாதது என்று அவர்கள் தள்ளிவிட, வழக்கத்தின் பலத்தால் மலபாரில் மட்டும் அது எஞ்சியது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அலகாபாத்தில் நீதிபதி சையது மகமூது, ஷுஃபா என்பது விற்றவனிடமிருந்து மீண்டும் வாங்குவதன்று, முடிந்த பேரத்தில் ஆள் மாறுவதே என்று விளக்கினார். அவ்விளக்கத்தின்படி விற்பவனுக்குக் கிரயத்தில் ஒரு காசும் குறைவதில்லை என்பதைச் சென்னை கருதிப் பார்த்திருக்கலாம். எனினும், 1962-இல் உச்ச நீதிமன்றமே அண்டை வீட்டானுடைய உரிமையை அரசியல் சட்டத்துக்கு முரணென்று தீர்த்தது.

இதற்கிடையே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், கொடுத்த அல்லது கொடுப்பதாக வாக்களித்த கிரயத்துக்கு ஈடாக உரிமையை மாற்றுவதே விக்கிரயம் என்று வகுத்து, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவர சொத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. முகம்மதிய தானத்துக்கு அளித்த விலக்கை அது கிரயத்துக்கு அளிக்கவில்லை. பத்திரம் வந்ததும் முத்திரைத் தீர்வையும் வந்தது. தீர்வைக்கு அஞ்சிக் கிரயத்தைக் குறைத்தெழுதும் வழக்கமும் வந்தது. முன்பு அண்டை வீட்டானை விரட்ட ஏற்றிச் சொன்ன தொகை, இப்போது சர்க்காருக்காக இறங்கியது. 1967-இல் சென்னைச் சட்டசபை முத்திரைச் சட்டத்தில் 47-ஏ பிரிவைச் சேர்த்து, பத்திரத்தில் கண்ட மதிப்பை நம்பாத பதிவு அதிகாரி அதனைக் கலெக்டருக்கு அனுப்பவும், கலெக்டர் விசாரித்துச் சந்தை மதிப்பை நிர்ணயிக்கவும் வழி செய்தது. அந்த விசாரணையில், விற்றவனும் வாங்கியவனும் மனமொத்து இசைந்த தொகை இன்னதென்று மெய்ப்பித்தால் மட்டும் போதாது. சந்தை மதிப்பு அதற்கு மேற்பட்டதாயின், அம்மதிப்புக்கே தீர்வை செலுத்த வேண்டும்.