இற்றைப்படுத்தல் கோப்புறைகள்

இற்றைப்படுத்தல் கோப்புறைகள் என்பவை கணினியின் இயங்குதளம் இற்றைப்படுத்தப்படும்போது வன்தட்டில் உருவாகும் கோப்புறைகள் ஆகும். இவற்றுள் சில பதிவிறக்கப்பட்ட நிறுவல் கோப்புகளைக் கொண்டிருக்கும். சில, மாற்றப்பட்ட பழைய கோப்புகளின் படிகளைக் காத்து வைக்கும். வேறு சில, இயங்குதளம் தொடர்ந்து பயன்படுத்தும் உறுப்புகளின் களஞ்சியமாக இருக்கும். வன்தட்டில் இடம் குறையும்போது இவற்றை அழிக்கலாமா என்பது, ஒவ்வொரு கோப்புறையும் செய்யும் பணியைப் பொறுத்தது.

விண்டோஸ் எக்ஸ்பி

2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில், ஒவ்வோர் இற்றைப்படுத்தலுக்கும் விண்டோஸ் கோப்புறையினுள் ஒரு மறைநிலைக் கோப்புறை உருவாகும். இதன் பெயர் டாலர் குறியில் தொடங்கி, 'என்டிஅன்இன்ஸ்டால்' என்ற சொல்லையும் இற்றைப்படுத்தலின் 'கேபி' எண்ணையும் கொண்டிருக்கும். மாற்றத்துக்கு முன்பிருந்த கோப்புகள் இதில் உள்ளன. இதனை அழித்தால் இற்றைப்படுத்தல் நீங்கிவிடாது. அதனைத் திரும்பப் பெறும் வசதி மட்டுமே இல்லாமற் போகும். இதனருகே உள்ள 'எச்எஃப்_மிக்' என்ற கோப்புறை பின்னர் வரும் இற்றைப்படுத்தல்களுக்குத் தேவைப்படுவதால் அதனை அழித்தல் கூடாது.

2010 நிகழ்வு

2010 பிப்ரவரி 9 அன்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட கேபி 977165 என்ற இற்றைப்படுத்தலுக்குப் பின், எக்ஸ்பி கணினிகள் பல நீலத்திரையுடன் நின்றன. அக்கணினிகளில் 'அலுரியான்' என்னும் தீநிரல் ஏற்கெனவே ஒளிந்திருந்தது. இயங்குதளக் கருவின் பழைய அமைப்பை நம்பி எழுதப்பட்டிருந்த அது, கரு மாறியதும் கணினியைத் தொடங்கவிடாமல் செய்தது.

எக்ஸ்பி குறுந்தட்டைக் கொண்டு மீட்பு முனையத்தைத் திறந்து, அந்த இற்றைப்படுத்தலின் கோப்புறையில் உள்ள 'எஸ்பிஅன்இன்ஸ்ட்' என்ற கட்டளைக் கோப்பை இயக்குவதே அப்போது கூறப்பட்ட தீர்வு. கோப்புறையை அழித்திருந்தோருக்கு இவ்வழி இல்லை. எனினும் இம்முறை கணினியைத் தொடங்க மட்டுமே உதவியது. தீநிரலைத் தனியே நீக்க வேண்டியிருந்தது.

விஸ்டாவும் பின்வந்த பதிப்புகளும்

விண்டோஸ் விஸ்டா முதல் இயங்குதள உறுப்புகள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. இதிலுள்ள கோப்புகள் பல, வன் இணைப்புகள் மூலம் பிற கோப்புறைகளிலும் தோன்றுவதால், இதன் அளவு உண்மையைவிடப் பெரிதாகக் காட்டப்படும். இதிலிருந்து கோப்புகளைக் கையால் அழித்தால் பின்வரும் இற்றைப்படுத்தல்கள் தோல்வியுறலாம். கணினி தொடங்காமலும் போகலாம். வட்டுத் துப்புரவுக் கருவி வழியாகவே இதனைக் குறைக்க வேண்டும். விண்டோஸ் 7 பதிப்புக்கு இவ்வசதி 2013 அக்டோபரில் வழங்கப்பட்டது.

'சாப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்' கோப்புறையினுள் உள்ள 'டவுன்லோடு' பகுதியை, நிறுவல் முடிந்தபின், இற்றைப்படுத்தல் சேவையை நிறுத்திவிட்டு அழிக்கலாம். தேவைப்படுபவை மீண்டும் பதிவிறங்கும். பதிப்பு உயர்த்தலின்போது உருவாகும் 'விண்டோஸ்.ஓல்டு', பழைய பதிப்புக்குத் திரும்ப உதவுவது. விண்டோஸ் 10 இதனை முதலில் ஒரு மாதமும், 2016 முதல் 10 நாட்களும் வைத்திருந்து தானே அழித்தது.

லினக்ஸ்

டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் வழங்கல்களில் பதிவிறக்கப்பட்ட பொதிகள் 'வார்' அடைவின் 'கேச்' பகுதியில் தங்கும். 'ஆப்ட்-கெட் கிளீன்' என்ற கட்டளை இவற்றை நீக்கும். நிறுவப்பட்ட மென்பொருளுக்குக் கேடில்லை. பழைய கருக்களுள் ஒன்றையேனும் வைத்திருந்தால், புதிய கரு இயங்காதபோது அதனைக் கொண்டு கணினியைத் தொடங்கலாம். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவடைந்ததையொட்டி, தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு இதனைப் பரிந்துரைத்தது.

இடப் பற்றாக்குறையும் பாதுகாப்பும்

பழைய படிகளை அழிப்பதைவிட, இடம் போதவில்லை என்று இற்றைப்படுத்தலையே நிறுத்திவிடுவது பெருங்கேடு தரும். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் விண்டோஸின் ஒரு பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. அதனை நிறுவாத கணினிகளை மே 12 முதல் 'வான்னாக்ரை' தாக்கியது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் மகிழுந்து ஆலையும் பாதிக்கப்பட்டது. அதே ஓட்டையையும் வேறு வழிகளையும் பயன்படுத்திய 'நாட்பெட்யா', சூன் 27 அன்று பரவியபோது, மும்பையை அடுத்த சவகர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்குப் பெட்டக முனையத்தில் பணிகள் தடைபட்டன. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம் போன்ற இடங்களிலும் சரக்குப் பெட்டகப் போக்குவரத்து கணினிப் பதிவுகளைச் சார்ந்தே நடைபெறுகிறது.

சுருக்கம்

* பழைய கோப்புகளின் படிகள்: புதிய இற்றைப்படுத்தலுடன் கணினி சில வாரங்கள் சீராக இயங்கியபின் அழிக்கலாம். இட நெருக்கடி இல்லையெனில் வைத்திருப்பதால் தீங்கில்லை.
* பதிவிறக்கப்பட்ட நிறுவல் கோப்புகள்: நிறுவல் முடிந்தபின் அழிக்கலாம்.
* உறுப்புக் களஞ்சியம்: கையால் அழித்தல் கூடாது.

இக்கோப்புறைகள் இயங்குதளக் கோப்புகளை மட்டுமே காப்பவை. பயனரின் ஆவணங்களுக்கு வேறொரு வட்டில் தனிப் படி தேவை.