மலைப் பிள்ளைகளின் விடுதிப் படிப்பு: அரசு தருவது என்ன, பெற்றோர் சுமப்பது என்ன?

வெளியூர் மதரஸாவில் பிள்ளையைத் தங்க வைத்து ஓத வைக்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்றாலும் பஸ் கட்டணம், சோப்பு, எண்ணெய், லீவுக்கு அழைத்து வரும் நாளில் போகும் கூலி என்று ஒரு கணக்கு தனியாக ஓடும். ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கும், சமவெளியில் வாழும் இருளர் குடும்பங்களுக்கும் இதே கணக்குதான். அவர்களுக்கு அரசு என்ன செய்கிறது என்பதை நாமும் அறிந்து வைப்பது நல்லது.

உண்டு உறைவிடப் பள்ளிகள்

ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை நடத்தும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் கல்வி, உணவு, தங்குமிடம், சீருடை, பாடநூல் எல்லாம் இலவசம். இவை தவிர, ஒன்றிய அரசு 1997-98இல் தொடங்கிய ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. இவற்றில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கலாம். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இப்பள்ளி அத்தியந்தலில் இருக்கிறது.

கையில் வரும் பணம்

9, 10ஆம் வகுப்புப் பழங்குடி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு மாதம் 525 ரூபாயும், வீட்டிலிருந்து வந்து போவோருக்கு 225 ரூபாயும் 10 மாதங்களுக்குத் தரப்படுகிறது. அதாவது விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 5,250 ரூபாய். 11ஆம் வகுப்பு முதல் மேற்படிப்பு வரை வேறொரு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியருக்கும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இந்த இரண்டு திட்டங்களும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை.

எங்கே தடைபடுகிறது?

பெரும்பகுதி உதவி பள்ளி வழியாகப் போகிறது. பிள்ளையைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி வரும் பெற்றோரின் செலவு அவர்கள் தலையில்தான். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மாணவர்களுக்காக 1969இல் தொடங்கிய ‘ஆப்ஸ்டடி’ திட்டத்தில், வீட்டுக்கும் விடுதிக்கும் இடையிலான பயணச் செலவுக்கும் வழி செய்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தடை சாதிச் சான்றிதழ். நமக்குத் தாலுகா அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். பழங்குடியினருக்கோ வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். சொந்த நிலமோ பழைய ஆவணமோ இல்லாத இருளர் குடும்பத்துக்கு இது எளிதல்ல. சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருவதால் ஆதார் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். நம் இளைஞர்கள் இ-சேவை மையத்துக்கு உடன் சென்று விண்ணப்பம் நிரப்பித் தரலாம். கோட்டாட்சியர் அலுவலகம் ஆரணியிலேயே இருக்கிறது. மனு கொடுக்க வருபவருக்கு வழிகாட்ட அரை நாள் ஒதுக்கினால் போதும். நம் ஊரில் வேலைக்கு வரும் ஒரு தாய், தன் பிள்ளைக்கு உரிய தொகையைக் கேட்டு வாங்கத் தெரியாமல் திரும்பிப் போகக் கூடாது.